எதிர்ப்பக்கம் திரும்பிய கை

வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு மனசு இத்தனை லேசாகும் என்று தங்கை நினைத்திருக்கவில்லை.

தொழில்நுட்பப் பயிலகத்தில் கேமரா வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நிரந்தர வேலை. ஞாயிறு விடுமுறை. பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகம் ஓடியவளுக்கு அந்த ஒன்றே போதும். ஆனால் விஷயம் கேட்டதும் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

"நீ போயிட்டா நான் யார்கூடச் சண்டை போட்டுக் கடை நடத்துறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை மறுப்புக் கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டினாள். அந்தப் பக்கம் கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய அண்ணி, "குடு, போற வழிதானே" என்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இன்று வியாழன். காலையில் ஒரு அலுவலகத்தில் பணி ஓய்வு விழா. மதியம் கேமரா கடை. மூன்று வாரமாக வீட்டில் நடந்த சண்டைக்கு இன்று தீர்ப்பு.

கீழே ஸ்டூடியோ. மாடியில் அண்ணனும் அண்ணியும். ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருக்கும் அறையில் தங்கை. அண்ணனும் தங்கையும் படம் எடுப்பார்கள். அண்ணி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சரிசெய்து ஆல்பமாக்குவாள். இரண்டு கேமராக்கள், ஒன்பது லென்ஸ்கள், ஒரே ஒரு பை. இதுதான் மொத்தச் சொத்து.

அந்த இரண்டு கேமராக்களும் கிழடாகிவிட்டன. ஒன்று போன மாதம் ஒரு கல்யாணத்தில் மோதிரம் மாற்றும் நேரம் பார்த்துக் கண்ணை மூடியது. புதிதாக வாங்கியே ஆக வேண்டும். எந்தக் கம்பெனி?

தங்கைக்கு வீட்டில் பெயர் 'கட்டம்'. எதை முடிவு செய்வதென்றாலும் பெரிய தாளில் கட்டம் போட்டுவிடுவாள். குடை வாங்கக்கூட ஒருமுறை ஆறு வரிசை போட்டவள். இந்த முறை பதினான்கு வரிசை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள்.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும், மீதிச் சண்டை தானாகப் புரியும். கேமராவில் பாடி என்று ஒன்று, லென்ஸ் என்று ஒன்று. பாடிக்கு ஆயுசு ஐந்தாறு வருடம். லென்ஸ் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம் உழைக்கும். பாடியின் வாயில் ஓர் உலோக வளையம் இருக்கிறது. அதில்தான் லென்ஸை வைத்துத் திருக வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்த வளையத்தின் அளவு வேறு, பல் வேறு. ஒருவருடைய லென்ஸ் இன்னொருவருக்கு ஆகாது. ஆக, கேமரா வாங்கப் போகிறோம் என்று நினைத்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்மையில் சம்பந்தம் பேசத்தான் போகிறார்கள். பெண்ணை மட்டும் பார்த்தால் ஆகாது. மொத்தக் குடும்பத்தையும் பார்க்க வேண்டும்.

இவர்கள் பன்னிரண்டு வருடமாக வைத்திருக்கும் கம்பெனிக்கு அண்ணி வைத்த பெயர் ஆளுங்கட்சி. தங்கை ஆசைப்பட்டது எதிர்க்கட்சி.

"எதிர்க்கட்சி கேமரா ஆளோட கண்ணைப் பிடிச்சா விடாதுண்ணா. மணப்பெண் குனிஞ்சு நிமிர்ந்தாலும் ஃபோகஸ் கண்ணுலயே நிக்குது. எடை வேற முன்னூறு கிராம் கம்மி. பத்து மணி நேரம் கையில வச்சிருக்கோமே."

"ரிப்பேரானா?"

"அதுதான் இடிக்குது. கூரியர்ல அனுப்பிட்டு மூணு வாரம் உட்காரணும். ஆளுங்கட்சிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடியே சர்வீஸ் சென்டர்."

"ரெண்டு மெமரி கார்டு போடலாமா?"

"ரெண்டுலயும் போடலாம். அதுல யாருக்கும் மார்க் குறையல."

நிறத்துக்கு மார்க் போட அண்ணியைக் கூப்பிட்டாள். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம். அத்தனை முகத்தையும் சரிசெய்வது அண்ணிதான். முகத்தின் நிறம் தப்பினால் அவளுக்கு ஒரு வாரம் போச்சு.

"ஆளுங்கட்சியில எல்லாரும் வெயில்ல நின்ன மாதிரி சிவப்பா இருப்பாங்க. எதிர்க்கட்சியில காமாலை வந்த மாதிரி" என்றாள் அண்ணி. "ஆனா அதுவும் பெரிய விஷயமில்ல. பச்சையைக் கொஞ்சம் குறைச்சு, வெளிச்சக் கோட்டை நடுவுல ஒரு இழுப்பு இழுத்தா சரியாயிடும்."

தங்கை அதை அப்படியே கட்டத்தில் எழுதிக்கொண்டாள். அண்ணிக்குத்தான் எத்தனை விஷயம் தெரிகிறது என்று பெருமைகூடப் பட்டாள்.

வீடியோவுக்கு ஒரு வரிசை இருந்தது. அதில் எதிர்க்கட்சிக்குப் பத்துக்குப் பத்து. "நாம எங்க வீடியோ எடுக்குறோம்?" என்று அண்ணன் தானே பேனாவை வாங்கி அந்த வரிசையை அடித்துவிட்டான்.

கேமரா கடை ஒரு எதிர்க்கட்சி கேமராவைச் சோதித்துப் பார்க்கப் பத்து நாள் கொடுத்திருந்தது. தங்கை இரவு பகலாக அதோடு கிடந்தாள். அண்ணன் தொடவே இல்லை. "எனக்கு அதெல்லாம் பழக்கமில்லம்மா. இந்த வயசுல கட்சி மாறச் சொல்லாதே."

கடைசியில் கட்டத்தைக் கூட்டினால் எதிர்க்கட்சிக்கு இரண்டு மார்க் கூட வந்தது. ஒன்பது லென்ஸையும் விற்றுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்தே மாறிவிடலாம் என்றாள். அப்போதுதான் அண்ணன் அலமாரிக் கதவுக்கு முன்னால் வந்து நின்று நிதானமாகப் பேசினான்.

"உன் கட்டத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. ஒன்பது லென்ஸ். நீ கேட்டா நான் குடுக்குறேன், நான் கேட்டா நீ குடுக்குற. மத்தவங்க ரெண்டு பை தூக்கிட்டு அலையறாங்க. நம்ம பலமே ஒரே பைதானே?"

அவள் உடனே கட்டத்தின் தலையில் புதிதாக ஒரு வரிசை போட்டாள். 'இரண்டு பேர், ஒரே பை.' அதற்கு மட்டும் இருபது மார்க். ஆளுங்கட்சி ஜெயித்துவிட்டது.

*

ஓய்வு பெறுகிறவர் ஸ்டோர் கீப்பர். முப்பத்தொரு வருடம் அதே சாவிக்கொத்து. மேடையில் அவரைவிட அவருடைய மேனேஜர்தான் அதிகம் பேசினார். எந்தப் படத்திலும் அந்த மேனேஜர் கண்ணை மூடியே இருந்தார்.

"இவருக்கு மட்டும் கண்ணைத் திறக்க ஆர்டர் வரணும் போல" என்று அண்ணன் காதில் கிசுகிசுத்தான். தங்கை கேமராவைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாகத்தான் அந்தக் காலை ஆரம்பித்தது.

ஹால் இருட்டு. சுவரில் யாரோ தயாரித்த படக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் முன்னால், தங்கை அவனுக்குப் பின்னால் ஓரமாக, தோளில் பை.

இவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. அண்ணனுக்கு லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் திரும்பிப் பார்க்க மாட்டான். கையை மட்டும் பின்னால் நீட்டுவான். எத்தனை விரல் நீட்டுகிறான் என்பதுதான் குறிப்பு. மூன்று விரல் என்றால் நீள லென்ஸ். அவள் பின்மூடியைக் கழற்றி, லென்ஸில் இருக்கும் வெள்ளைப் புள்ளி அவனுடைய கட்டைவிரலுக்கு வரும்படி உள்ளங்கையில் வைப்பாள். அவன் கழற்றியதை அவள் வாங்கிக்கொள்வாள். பாடியில் இருக்கும் புள்ளிக்கு நேராக அதை வைத்து ஒரு திருகு. கிளிக். கண் மேடையைவிட்டு நகராது. இரண்டு நொடிகூட ஆகாது.

ஸ்டோர் கீப்பர் சாவிக்கொத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்க எழுந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் முகம் மெல்லக் கலங்கியது. அண்ணனின் கை பின்னால் வந்தது. மூன்று விரல்.

தங்கை லென்ஸை வைத்தாள்.

அவன் பொருத்தித் திருகினான். லென்ஸ் நகரவில்லை. அழுத்தித் திருகினான். நகரவில்லை. குனிந்து பார்த்தான். பிறகு மறுபக்கம் திருகினான். கிளிக்.

அதற்குள் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டத் தொடங்கிவிட்டாள்.

"என்னாச்சுண்ணா?"

"கை வேர்க்குது."

ஏசியில் அவளுக்குக் குளிரெடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு தடவை என்றால் விட்டுவிட்டிருப்பாள். அரை மணி கழித்துக் குழுப் படம். அகல லென்ஸ் வேண்டும். இந்த முறை அவள் மேடையைப் பார்க்கவில்லை, அண்ணனின் கையைப் பார்த்தாள். கை எதிர்ப்பக்கம் திரும்பத் தொடங்கியது. சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல் நின்றது. பிறகு சரியான பக்கம் திரும்பியது.

ஆளுங்கட்சி லென்ஸைக் கடிகார முள் போகும் பக்கம் திருக வேண்டும். எதிர்க்கட்சி லென்ஸை அதற்கு நேர் எதிராக.

தங்கைக்கு எந்தப் பொருளும் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அதனால் யோசித்தாள். மறதி என்றால் கை தடுமாறும், தேடும். இது தேடவில்லை. நிச்சயமாகத் திரும்பியது, தப்பான பக்கத்தில். பத்து நாள் எதிர்க்கட்சி கேமராவோடு கிடந்தவளின் கைக்கே அந்தப் பக்கம் படியவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கத்தை ஒரு கை மறக்க வேண்டுமென்றால் அது சும்மா இருந்து மறக்காது. திரும்பத் திரும்ப வேறொன்றைச் செய்துதான் மறக்கும்.

தொடவே மாட்டேன் என்றவனின் கை.

*

கடைக்கு அண்ணனின் வண்டியில் போனார்கள். இருவருக்கும் நடுவில் லென்ஸ் பை.

"என்ன கட்டம், பேச்சையே காணோம்? கட்சி மாறணும்னு இன்னும் ஆசையா?"

"இல்லண்ணா."

புதன்கிழமைகளில் அவன் முதுகுவலிக்குப் பிசியோதெரபிக்குப் போகிறான். நான்கு மாதமாகப் போகிறான். ஒரு நாள்கூட முதுகைப் பிடித்துக்கொண்டு அவன் எழுந்ததைப் பார்த்ததில்லை என்பது சிக்னலில் நிற்கும்போது அவளுக்கு ஞாபகம் வந்தது.

கடைக்காரர் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக் காத்திருந்தார். "வாங்க மேடம், வாங்க சார். மூணு வாரமா எலெக்ஷன் நடத்துனீங்க, ரிசல்ட் வந்துடுச்சா? ஆளுங்கட்சி ரெண்டு பாடி. எழுதட்டுமா?"

"எழுதலாம். அதுக்கு முன்னாடி அந்த எதிர்க்கட்சிப் பாடியை ஒரு தடவை எடுங்க. எடை ஒண்ணு பாக்கணும்."

"தோத்த வேட்பாளருக்கு ஆறுதலா?" என்று சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து வைத்தார். கூடவே இரண்டு லென்ஸ்.

தங்கை அண்ணனிடம் சனிக்கிழமை கல்யாணத்தைப் பற்றி ஆரம்பித்தாள். அந்த மண்டபத்தில் விளக்குகள் மேலே நேராக இருக்கும். முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். என்ன செய்யலாம்?

இது அவனுக்குப் பிடித்த பேச்சு. "பக்கத்துச் சுவர் வெள்ளைதானே? ஃப்ளாஷைச் சுவர்ல அடிச்சுத் திருப்பலாம்..."

"ம். இந்தா, இதுல அந்தச் சின்ன லென்ஸை மாட்டிக் குடு, நான் தராசுல வைக்கிறேன். சுவர்ல அடிச்சா?"

"சுவர்ல அடிச்சா வெளிச்சம் பக்கவாட்டுல வரும். ஆனா சுவர் ரொம்ப தூரம்னா..."

அவன் கண்கள் அந்த மண்டபத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. விரல் பூட்டுப் பொத்தானை அழுத்தியது. எதிர்க்கட்சிக்கு அது ஆளுங்கட்சியில் இருக்கும் இடத்தில் இருக்காது. பெரிய லென்ஸ் கழன்றது. சின்ன லென்ஸ் ஏறியது, எதிர்ப்பக்கத் திருகு, கிளிக். அதோடு நிற்காமல் கட்டைவிரல் போய்க் கேமராவை இயக்கியது, ஆள்காட்டி விரல் மேலிருக்கும் சக்கரத்தை இரண்டு பல் தள்ளியது. எல்லாம் இரண்டு நொடி.

"அடேங்கப்பா!" என்றார் கடைக்காரர். "சார், நான் நாள் முழுக்க இதை வித்துட்டிருக்கேன், எனக்கே அந்தப் பட்டனைத் தேடணும்."

அண்ணன் பேச்சை நிறுத்தினான். தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

"எத்தனை மாசம்ணா?" என்றாள் தங்கை.

"என்னது?"

"கை பழகி எத்தனை மாசம்?"

கடைக்காரர் இருவர் முகத்தையும் பார்த்தார். வியாபாரத்தில் தேர்ந்தவர். "டீ சொல்லிட்டு வந்துடறேன்" என்று வெளியே போய்விட்டார்.

அண்ணன் கேமராவை மெதுவாகக் கண்ணாடி மேல் வைத்தான்.

"நாலு."

"யார்கூட?"

"வீடியோக்காரன்கூட." போன வருடம் வரை இவர்களோடு கல்யாணங்களுக்கு வந்துகொண்டிருந்தவன். "மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் பாத்திருக்கோம். இப்போ எல்லாருக்கும் வீடியோதானே வேணும். படத்தை மட்டும் வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டறது? உங்கிட்ட சீசன் முடிஞ்சதும் சொல்லலாம்னு..."

அடித்துவிட்ட அந்த வீடியோ வரிசை அவள் கண்முன் வந்தது. எவ்வளவு நேராகக் கோடு போட்டிருந்தான்.

"அப்போ சீசனுக்கு அப்புறம் ஒத்துக்கிட்ட ஆறு கல்யாணம்? அட்வான்ஸ் வாங்கியிருக்கோமே?"

"நீ எடுப்பே. உன்னை நம்பித்தானே..." அவன் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "கடை உனக்குத்தாம்மா. பேரு உனக்குத்தான். ஒன்பது லென்ஸும் உனக்குத்தான். ஒண்ணுல நான் கை வைக்கல பாரு."

"எப்படிண்ணா வைப்பே? அது உன் கேமராவுல மாட்டாதே."

அவன் கண்ணாடி மேல் இருந்த கேமராவைத் தள்ளி வைத்தான்.

அவளுக்கு இப்போது எல்லாம் வரிசையாகப் புரிந்தது, பாகம் பாகமாகக் கழற்றிய கடிகாரம் மேசையில் கிடப்பதுபோல. அவளை ஆளுங்கட்சியிலேயே இருக்கச் சொன்னது லென்ஸுக்காக இல்லை. ஒன்பது லென்ஸையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் தங்கைக்கே விட்டுவிட்டு வந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள. அவள் எதிர்க்கட்சிக்கு மாறியிருந்தால் அந்த லென்ஸ்களை விற்க வேண்டியிருக்கும். அவனுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

ஒரே பை. நம்ம பலமே ஒரே பைதானே.

"அதுக்குத்தான் பயிலகத்து வேலையை வேண்டாம்னு சொல்ல வச்சியா?"

"நான் சொல்லச் சொன்னேனா?" அவன் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நீயாத்தானே எழுதிக் குடுத்தே?"

அது உண்மை.

கடைக்காரர் மூன்று கிளாஸ் டீயோடு வந்தார். யாரும் எடுக்கவில்லை.

"மேடம், எழுதட்டுமா? ரெண்டா... இல்ல ஒண்ணா?"

"ஒண்ணும் எழுதாதீங்க. கட்டத்தைத் தப்பாப் போட்டுட்டேன். முதல்ல இருந்து போடணும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஒன்பது லென்ஸும் சேர்ந்து ஆறரைக் கிலோ. எப்போதும் பாதி வழியில் அண்ணன் வாங்கிக்கொள்வான். இன்று பஸ் ஸ்டாப்புவரை அவளே சுமந்தாள்.

*

வீட்டுக்கு வரும்போது மணி நாலு. ஸ்டூடியோவில் அண்ணி இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மாப்பிள்ளையின் கன்னத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, தனியா வரே? அவர் எங்கே?"

தங்கை பையை இறக்கி வைத்தாள். "பச்சையைக் கொஞ்சம் குறைச்சு, நடுவுல ஒரு இழுப்பு. அதை யார் படத்துல கத்துக்கிட்டீங்க அண்ணி?"

மவுஸ் நின்றது.

கடை கொடுத்த பத்து நாள் கேமராவின் படங்களை நானே வைத்திருந்தேன், உங்களிடம் ஒன்றுகூடத் தரவில்லையே என்று தங்கை சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

"நான் சொல்லச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சும்மா" என்றாள் அண்ணி கடைசியில். "இன்னிக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னாரு. அவரே சொல்லட்டும்னு இருந்தேன்."

"நீங்க சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"தினம் இந்த மேசையில உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன். பதினாலு வரிசை போட்டேன் அண்ணி. ஒவ்வொரு வரிசைக்கும் உங்ககிட்ட வந்து மார்க் கேட்டேன். பைத்தியக்காரி மாதிரி."

அண்ணி எழுந்தாள். மெமரி கார்டு டப்பாக்கள் வைக்கும் மேசை டிராயரைச் சாவி போட்டுத் திறந்தாள். அடியிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள்.

தங்கையின் கையெழுத்து. ஒட்டியது ஒட்டியபடி.

"திங்கக்கிழமை அந்த கேட்டுவரைக்கும் போனேன். வாட்ச்மேன் எங்கே போகணும்னு கேட்டார். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். உங்கண்ணனுக்கு இது தெரியாது." அண்ணியின் குரல் இறங்கியது. "பதில் சொல்ல இன்னிக்குத்தானே கடைசி நாள்? அஞ்சு மணிவரைக்கும் ஆபீஸ் இருக்கும்."

தங்கை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நன்றி என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நாலு மாசம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மூணு நாள் என் கடிதத்தைப் பூட்டி வச்சீங்க. நல்லதோ கெட்டதோ, எல்லாத்தையும் என்னைக் கேக்காமலேதான் செய்வீங்களா ரெண்டு பேரும்?"

அண்ணி தலைகுனிந்தாள்.

தங்கை அலமாரிக் கதவைத் திறந்தாள். கட்டத்தின் தலையில் தடித்த எழுத்தில் 'இரண்டு பேர், ஒரே பை.' இருபது மார்க். பேனாவை எடுத்து அதன் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அந்த வரிசையை எடுத்துவிட்டால் கணக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கூட்டவில்லை. மீதி வரிசைகளும்கூட இரண்டு பேருக்காகத்தான் போடப்பட்டவை.

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் உள்ளே வந்தான். வழி முழுக்க ஏதோ யோசித்து வைத்துக்கொண்டு வந்தவன்போல வேகமாக வந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் யோசித்ததெல்லாம் போய்விட்டது.

"சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பணும்" என்றான். "அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? கல்யாணம் ரெண்டு தடவை நடக்காது. அது வரைக்குமாவது வர்றேல்ல?"

அவள் உறையோடு வாசலை நோக்கி நடந்தாள்.

அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது, பை அவள் தோளில்தான் இருக்கிறது என்ற நினைப்பில், எப்போதும்போல அவன் கை நீண்டது. "குடு, கனக்கும்."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் இருட்டில் எத்தனை ஆயிரம் முறை நீண்ட கை. ஒரு தடவைகூட அதில் எதையாவது வைக்காமல் இருந்ததில்லை.

இன்று எதையும் வைக்காமல் அதைத் தாண்டிப் போனாள். பை தரையிலேயே கிடந்தது. வெளிக்கதவு சாத்திக்கொண்டது.

"எங்கே போறா இந்த நேரத்துல?"

"பயிலகத்துக்கு" என்றாள் அண்ணி.

"அங்க எதுக்கு? அதான் வேண்டாம்னு லெட்டர் குடுத்தாச்சே."

அண்ணி திறந்திருந்த டிராயரை மூடினாள். சாவியைத் திருப்பி எடுத்தாள். பிறகு, நான்கு மாதத்தில் முதல்முறையாக, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"குடுக்கல" என்றாள்.